ராம் குறித்து ஒரு மறுப்பு

1

சம்பவ இடத்தில் ஆஜராக இருந்தவர்கள்: சிங்கவரம் பொன்னுசாமி, வயது எழுபத்தொன்று, ஓய்வுபெற்ற நில அளவர், ஊர் வழக்கில் சர்வேயர். அவர் மனைவி மீனம்பாள். அவர்களுடைய ஒரே மகள் கலைச்செல்வி, வயது இருபத்தொன்பது, அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் நெடுமாறன், வயது முப்பத்துமூன்று. ஆக நால்வர்.

ரஞ்சிதம் ஆஜரில் இல்லை. இதை முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். நடந்ததைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டிருப்பவள் அவள்தான்.

இனி உண்மையைச் சொல்லிவிடலாம். இது கதையாக எழுத உத்தேசித்ததல்ல. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு ஒரு மறுப்பு, ஒரே வரி. பொன்னுசாமியின் மகள் ராம் என்ற பழைய ஆளைக் கழற்றிவிட்டு, மெட்ராஸிலிருந்து ராம் என்ற பெயரிலேயே இன்னொருவனை வரவழைக்கிறாள், அதற்கு அப்பனும் உடந்தை என்று பரவிய வதந்திக்கு மறுப்பு. முதல் வாக்கியம் உடனே வந்துவிட்டது:

ராம் என்று யாரும் இல்லை.

இது உண்மை. ஆனால் நாற்பது வருடம் நிலம் அளந்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நான்கு எல்லையில் ஒன்று விட்டுப்போனாலும் படத்தில் கையெழுத்துப் போடமாட்டார். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இன்னொன்று வேண்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அதைத் தேடப் போனதில் இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

எழுதுகிறவர் யார் என்று வாசகர் இந்நேரம் ஊகித்திருப்பார். ஊகம் சரிதான். இருந்தாலும் பேச்சுக்கு வெளியே 'நான்' என்ற சொல் இதில் வராது. அளவைக் குறிப்புகளில் அது வருவதில்லை. 'நில அளவர் நேரில் சென்று பார்த்ததில்' என்றுதான் எழுதுவது வழக்கம். ஆகவே பொன்னுசாமியைப் பொன்னுசாமி என்றே எழுதுகிறோம். எங்காவது தவறிப்போய் வந்திருந்தால் அடிக்கப்பட்டிருக்கும்.

2

மூன்று தொடக்கங்கள் கைவிடப்பட்டன.

முதலாவது: 'ராஜகிரி மலைமேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த வேளையில்...' செஞ்சியைப் பற்றி எழுதினால் கோட்டை வரவேண்டும் என்று நினைத்து எழுதியது. இங்கே இருப்பவர்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் பேருந்து போய்விடும். நீக்கப்பட்டது.

இரண்டாவது: 'மானம் என்பது...' இப்படித் தொடங்கும் எதையும் பொன்னுசாமியே படிப்பதில்லை. நீக்கப்பட்டது.

மூன்றாவது மடிக்கணினியிலிருந்து தொடங்கியது. அது மோசமில்லை என்பதால் கொஞ்சம் விட்டுவைக்கிறோம்:

பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி அது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. மூடியிலிருந்த படம் தேய்ந்து வெறும் நிழலாகிவிட்டது. கலைச்செல்வி எம்.ஏ., எம்.ஃபில். இரண்டையும் அதில்தான் முடித்தாள். கல்லூரிப் பாடங்கள் அதில்தான். ஓய்வு பெற்ற பிறகு பொன்னுசாமி தெருக்காரர்களுக்குப் பட்டா மனு அடித்துக் கொடுப்பதும் அதில்தான். சமீபகாலமாக அது மிகவும் தளர்ந்திருந்தது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வரலாம். 'மாண்புமிகு' என்று அடித்தால் முதலில் 'மா' வரும். மற்ற எழுத்துகள் யோசித்துவிட்டு வரும்.

"புதுசு வாங்கிக்கலாமே," என்று மீனம்பாள் கேட்டபோது பொன்னுசாமி சொன்னது: "என் பொண்ணு படிப்புக்கு சர்க்காரு குடுத்த பொருள். இத எப்பிடித் தூக்கிப் போடறது?"

"எல்லாருக்கும்தான் நைனா குடுத்தாங்க," என்றாள் கலைச்செல்வி. "ஃபெயிலானவளுக்கும் குடுத்தாங்க."

"மத்தவங்கது இப்ப எங்க இருக்குது?"

சாமான்களை மாற்றி இதையே தேற்றிவிடலாம் என்று முடிவானது. மாற்றும்போது தானும் நேரில் வந்து பார்ப்பதாகப் பொன்னுசாமி சொன்னார். கடையைச் சொன்னவள் அவள்தான். 'தெரிஞ்ச கடை' என்று சொல்லவில்லை. 'பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஒரு கடை இருக்குது' என்றாள். இந்த வித்தியாசத்தைப் பொன்னுசாமி அப்போது கவனிக்கவில்லை.

3

ரஞ்சிதம் மீனம்பாளின் சித்தப்பா மகள். கெட்டவள் அல்ல. காது கொஞ்சம் நீளம். சிங்கவரத்திலிருந்து செஞ்சி வரும் டவுன் பஸ்ஸில் கலைச்செல்விக்கு இரண்டு இருக்கை பின்னால் அமர்ந்திருந்தவள், இறங்கியதும் மீனம்பாளுக்குப் போன் செய்தாள். மீனம்பாள் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். ஆகவே கீழே உள்ளது அனைத்தும் பொன்னுசாமி நேரில் கேட்டது.

"யக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. யாருக்கா அந்த ராமு?"

"எந்த ராமு?"

"அதான் எனக்கும் தெரியல. நம்ம கலை போன்ல பேசிக்கினு வந்துச்சு. பழைய ராமு சரியில்லியாம். ரெண்டு வருசமா இழுத்துக்கினு கெடக்குதாம். புது ராமு மெட்ராஸ்லேர்ந்து வருதாம்."

"வருதாமா, வராராமா?"

"வருதுன்னுதான் சொல்லிச்சு. படிச்ச பொண்ணுங்க இப்ப அப்பிடித்தான் பேசுதுங்க. நைனாவே நேர்ல வந்து பாக்கறேன்னு சொல்லிட்டாராம். பொருந்தலன்னா திருப்பி அனுப்பிடலாமாம்." குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் சொல்லிச்சு. சொல்லட்டுமா?"

"சொல்லு, சொல்றதுக்குத்தான போன் பண்ண."

"எடம் ரெண்டு இருக்குதாம். பழசையும் வெச்சிக்கினு புதுசையும் போட்டுக்கலாமான்னு கேட்டுச்சுக்கா."

பொன்னுசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

மாலையில் கலைச்செல்வி வந்ததும் விசாரணை நடந்தது. அவள் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சொன்னாள்: "ராமுன்னா கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற ஒரு பார்ட்டு நைனா. ரேமுன்னும் சொல்வாங்க. இங்க எல்லாரும் ராமுதான்."

"சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல," என்றார் பொன்னுசாமி.

அதற்குள் குழுவில் எழுபத்திரண்டு பேருக்கு நடுவே யாரோ ஒருவர் 'வாழ்த்துகள் கலை' என்று ரோஜாப் பூங்கொத்துப் படம் போட்டிருந்தார். அதன் கீழே பதினான்கு கைகூப்பல்கள்.

வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொன்னுசாமியின் தெருவிலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் அவர். அவருடைய அப்பா காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. மகன் தாலுகா முழுக்க நிலம் அளந்தார். லஞ்சம் வாங்கினார் என்றோ, கல்லைத் தள்ளி நட்டார் என்றோ, அவர் வீட்டில் இப்படி நடந்தது என்றோ யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்த ஒரு சொல் வராமல் பார்த்துக்கொள்வதையே அவர் சம்பாத்தியமாக வைத்திருந்தார். இப்போது வந்துவிட்டது. அதுவும் மகளின் பெயரோடு.

ஆகவே அவர் ஒரு முடிவெடுத்தார். கேள்விப்பட்டதை வைத்து மறுப்பு எழுதுவது முறையல்ல. அந்த ராமை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

4

சனிக்கிழமை காலை பதினொன்று. மாடிப்படி செங்குத்தாக இருந்தது. மீனம்பாள் மஞ்சள் பையோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். கலைச்செல்வி நின்றாள். பொன்னுசாமி சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

"என் கண்ணு முன்னாலதான் பிரிக்கணும். பிரிச்சத எழுதி வெச்சிக்குவேன்."

"தாராளமா எழுதிக்குங்க ஐயா," என்றார் கடைக்காரர். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "படியேறி வந்துருக்கீங்க. குடிங்க."

பொன்னுசாமி அதை வாங்கி, எப்போதும் வெளியிடங்களில் செய்வதுபோல அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தலையை நிமிர்த்தினார்.

"வாய் வெச்சே குடிங்க ஐயா."

சாதாரணமாகத்தான் சொன்னார். திருப்புளியைத் தேடிக்கொண்டே சொன்னார். பொன்னுசாமி குடிக்காமல் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டார். ஏன் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. (இந்த இடத்தில் ஒரு நீண்ட பத்தி இருந்தது. ஐந்தாம் பகுதிக்கு மாற்றப்பட்டது.)

கடைக்காரர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். மடிக்கணினியின் அடிப்பக்கம் அளவு மாறாமல் வரையப்பட்டிருந்தது. திருகாணி இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு சிறு வட்டம், அதற்குள் எண். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் தாளில் அதனதன் வட்டத்தின்மேல் வைத்தார். பூட்டும்போது இடம் மாறாமல் இருப்பதற்கு.

இந்த வேலை பொன்னுசாமிக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் நாற்பது வருடம் போட்ட புலப்படம் வேறென்ன? நிலத்தைத் தாளில் இறக்கி, கல் இருக்கும் இடத்துக்கெல்லாம் எண் கொடுப்பதுதானே. குனிந்து பார்த்தார்.

"நீங்களே போட்டதா தம்பி?"

"ஆமாங்க ஐயா. நீளத் திருகாணிய மாத்திப் போட்டா கீழ இருக்கற போர்டுல குத்திடும்."

"கல்லு மாறினா கேஸு," என்றார் பொன்னுசாமி. கடைக்காரர் சிரித்தார்.

பத்துத் திருகாணிகள் வெளியே வந்தன. பதினோராவது மேலே தெரியவில்லை. கடைக்காரர் தேடவில்லை, பின்பக்கத்து ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினார். அதற்கடியில் இருந்தது. ஸ்டிக்கரின் அந்த மூலை மட்டும் பசையற்று, தானாக எழும்பி வந்தது.

மூடி கழன்றது. பச்சை வயல்போல ஒரு பலகை. அதில் தங்க வரப்புகள். பொன்னுசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைக்காரரும் சலிக்காமல் சொன்னார்.

"இது ஹார்டு டிஸ்க்குங்க ஐயா. பீரோ மாதிரி. எல்லாம் இதுல அடுக்கியிருக்கும். உள்ள தட்டு சுத்தி எடுத்துக் குடுக்கும், அதான் லேட்டாவுது. இத எடுத்துட்டு எஸ்எஸ்டி போடறோம், அதுல சுத்தறதே கெடையாது. ராமுங்கறது மேசை. பீரோலேர்ந்து எடுத்தத வெச்சி வேல பாக்கற எடம். உங்க மேசை ரொம்ப சின்னது. ரெண்டு ஜிபி."

"மேசை பெருசானா பீரோவுக்கு நடக்கற நட கொறையும்."

"அவ்ளோதாங்க ஐயா."

"காட்டுங்க."

ஓரத்துக் கொக்கிகளை விலக்கியதும் அது துள்ளிக்கொண்டு எழுந்தது. கடைக்காரர் அதைப் பொன்னுசாமியின் உள்ளங்கையில் வைத்தார். ஒரு விரல் நீளம், இரண்டு விரல் அகலம். எடையே இல்லை.

"இதுதானா ராம்?" என்றாள் மீனம்பாள் பெஞ்சிலிருந்து. "இதுக்கா ரஞ்சிதம் அவ்ளோ பேசினா."

கலைச்செல்வி சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார். பொன்னுசாமியும் கிட்டத்தட்ட சிரித்துவிட்டார். பழையதை ஓர் உறையில் போட்டு 'கழற்றப்பட்ட ராம் - 1' என்று மேலே எழுதினார். இரண்டு இடத்திலும் நான்கு நான்கு ஜிபி ஏறியது. மறுப்பு எழுதத் தேவையானது கிடைத்துவிட்டது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம்.

எழவில்லை. ஆர்வம் விடவில்லை.

"அந்த ஃபேனையும் கழட்டுங்க. வருசக்கணக்குல தொறக்காட்டி உள்ள பஞ்சு மாதிரி தூசி அடைஞ்சி கெடக்கும்னு பேப்பர்ல போட்டிருந்தான். பாக்கணும்."

"வேணாங்க ஐயா. அது சுத்தமா இருக்கும்."

"கழட்டாம எப்பிடித் தெரியும்?"

கடைக்காரரின் கை நின்றது. கீழே ஒரு கண்டக்டர் 'திருவண்ணாமல, திருவண்ணாமல' என்று கூவிக்கொண்டிருந்தார். பொன்னுசாமி விசிறியைப் பார்த்தார். இறக்கைகள் கருகருவென்று, துடைத்து வைத்தவை போல இருந்தன. பிறகு தாளைப் பார்த்தார். ஓரங்கள் பழுத்திருந்தன. வலது கீழ் மூலையில் சிறிய எழுத்தில் மூன்று தேதிகள். 2019. 2021. 2023.

நில அளவரை ஏமாற்ற நினைப்பவர்கள் சாட்சிகளைத் தயார் செய்வார்கள், பத்திரத்தைத் தயார் செய்வார்கள். நிலத்தைத் தயார் செய்ய முடியாது. புதைந்த கல்லை முதல் வெட்டிலேயே நேராகப் போய்த் தோண்டுகிறவன் அந்த நிலத்துக்குப் புதியவன் அல்ல.

"பன்னெண்டு வருசத்துல ஒரு தடவகூட யாரும் இதத் தொறக்கலன்னு என் பொண்ணு சொன்னாளே."

"மூணு தடவ தொறந்துருக்கேங்க ஐயா," என்றான் நெடுமாறன்.

"யாரு சொல்லி?"

"நான் சொல்லி," என்றாள் கலைச்செல்வி.

மீனம்பாள் மஞ்சள் பையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். "வேலைய முடிங்க தம்பி. தொறந்து போட்டுட்டுப் பேசிக்கினு இருந்தா தூசி ஏறிடும்."

(அவளுக்கு முன்பே தெரியுமா? எழுதுகிறவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.)

5

முந்திய பகுதியில் கடைக்காரர் 'சிரித்தார்', 'சொன்னார்', 'வைத்தார்'. விசிறிக்குப் பிறகு 'என்றான்'. அச்சுப்பிழை அல்ல. வேண்டுமென்றே செய்தது.

நெடுமாறனை எழுதுவதுதான் இந்தக் கதையில் கடினமான வேலை. ஒருமுறை அவனுக்குக் கழுத்தில் தடித்த சங்கிலியும் கையில் காப்பும் போட்டு எழுதிப் பார்த்தார் பொன்னுசாமி. வசதியாக இருந்தது. ஆனால் அவன் கழுத்தில் ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் ஒரு சிறு தூரிகை இருந்தது, தூசி தட்டுவதற்கு. 'அவன் கண்களில் ஒரு கள்ள...' நீக்கப்பட்டது. கண்ணை யாரும் அளக்க முடியாது. 'பெண்ணை மயக்கும் பேச்சு' என்று ஒரு வரி. அதுவும் நிற்கவில்லை. அன்று கடையில் அவன் பேசியதெல்லாம் திருகாணியைப் பற்றி.

கடைசியில் விசாரித்தார். மண்டகப்பட்டுப் பக்கம், பச்சமுத்து மகன்.

பொன்னுசாமிக்கு அந்தப் பெயர் தெரியும். அந்த நிலமும் தெரியும்.

இனி நான்காம் பகுதியிலிருந்து எடுத்து வைத்த பத்தி. 1988, சித்திரை மாதம். பச்சமுத்துவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வரப்புத் தகராறு. இளம் சர்வேயர் காலையிலிருந்து சங்கிலி பிடித்து அளந்து, கல் இருக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தார். அது பச்சமுத்துவுக்குச் சாதகமாக இருந்தது. வெயிலுக்குத் தாகமாக இருக்குமே என்று பச்சமுத்து ஆளனுப்பி இளநீர் வெட்டச் சொன்னார். சர்வேயருக்கு இரண்டு இளநீர். கூட வந்த தலையாரிக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் வீட்டிலிருந்து டம்ளரில் மோர்.

பார்த்தால் இளநீர்தான் பெரிய மரியாதை. ஆனால் இளநீர் குடித்த மட்டையை எறிந்துவிடலாம். டம்ளரைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும்.

சர்வேயர் இரண்டு இளநீரையும் தலையாரியிடம் கொடுத்துவிட்டு, தாகத்தோடு சைக்கிளில் திரும்பினார். அன்று முதல் எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் அண்ணாந்துதான் குடிப்பார். யாராவது சொல்வதற்கு முன்பே தானாகச் செய்துவிட்டால் அது தன் பழக்கமாகிவிடும்; மற்றவர்களின் கட்டளையாக இருக்காது. முப்பத்தேழு வருடம் ஆகிறது. இதை மீனம்பாளிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டதால் அவளும் படிப்பாள்.

அந்த மனிதரின் மகன்தான் 'வாய் வெச்சே குடிங்க ஐயா' என்றது. அவனுக்கு 1988 தெரிந்திருக்க வழியில்லை. அப்போது அவன் பிறக்கவே இல்லை.

6

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. மடிக்கணினி மட்டும் பொத்தானைத் தொட்ட பதினெட்டு விநாடியில் விழித்துக்கொண்டது. பொன்னுசாமி கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தார். முன்பு நான்கு நிமிடம். 'மாண்புமிகு' இப்போது விரலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதைப் பார்த்து ஆச்சரியப்படவும் முடியவில்லை, ஆச்சரியப்படாமலும் இருக்க முடியவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

புதன்கிழமை காலை கலைச்செல்வி கல்லூரிக்குக் கிளம்பும்போது திரையைப் பார்த்தாள். முதல் வாக்கியம் மட்டும் இருந்தது: ராம் என்று யாரும் இல்லை.

"இன்னும் போடலியா நைனா?"

"எழுதிக்கினு இருக்கேன்."

"ஒரு வரிக்கு நாலு நாளா?" நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். "அவன் மூணு தடவ தொறந்தான்னா, நான் மூணு தடவ உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன். அதையும் உன் நோட்டுல எழுதிக்க. எழுதிட்டு, நான் ஏன் சொன்னேன்னு ஒரு தடவ யோசி."

"ஏன் சொன்ன?"

"நீ நேரா இருப்ப. உன் முதுகு வளையவே வளையாது. அது நல்லதுதான். ஆனா வளையாத ஆளுகிட்ட இன்னாத்த சொல்றது?"

பொன்னுசாமி யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "நான் போயி அந்த பச்சமுத்து வாசல்ல நிக்கணுமா?"

"யாரும் எங்கயும் நிக்க வேணாம். வர ஞாயித்துக்கிழம பொண்ணு கேக்க அவங்க வராங்க. அவங்க நைனாவும் அவனும். அவனே பேசி ஆறு மாசமா போராடிக் கூட்டியாரான். நீ வேணாம்னு சொன்னா சொல்லு, நான் ஓடிப் போவ மாட்டேன். இப்பிடியே இருந்துக்குவேன்."

"ஊரு பேசுமே."

"ஊரு ஏற்கெனவே பேசுது. இல்லாத ராமுக்கே பூங்கொத்து குடுத்துட்டாங்க." எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் திரும்பினாள். "ராம் இல்லன்னு போடு. அது உண்மை. அத்தோட நிறுத்தினீன்னா பொய். அதுவும் என்னோட பொய் மாதிரி சின்னதா இருக்காது நைனா. எழுவத்தி ரெண்டு பேருக்குப் போற பொய்."

அவள் போன பிறகு பொன்னுசாமி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். வதந்தியை மறுப்பதற்காகக் கடைக்குப் போனார். அங்கே மறுப்பு கிடைத்தது. கூடவே, மறுக்க முடியாதது ஒன்றும் கிடைத்தது. வீட்டின் பெயரைக் காப்பாற்ற இப்போது இரண்டு வழி. ஒன்று, அரை வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு மகளை இப்படியே இருக்க விடுவது. மற்றது, பச்சமுத்து வந்து இந்த வீட்டில் எப்படி நடந்துகொள்ளப் போகிறார் என்று தெரிவதற்கு முன்பே...

(வாக்கியம் முடிக்கப்படவில்லை.)

7

கதைக்கு முடிவு வேண்டும். மூன்று முடிவுகள் எழுதிப் பார்க்கப்பட்டன. மூன்றும் ஒரே இடத்தில் நடப்பவை: ஞாயிறு காலை, பொன்னுசாமி வீட்டுக் கூடம், மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர்.

முடிவு அ. பச்சமுத்து உட்காருகிறார். மீனம்பாள் டம்ளரை நீட்டுகிறாள். 'இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தேன்' என்கிறார். பொன்னுசாமி எழுந்து கதவைத் திறந்து விடுகிறார். நெடுமாறன் அப்பாவோடு போவதா, இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் நிற்கிறான்.

முடிவு ஆ. பச்சமுத்து வாங்குகிறார். அண்ணாந்து குடிக்கிறார். அது அவருடைய பழக்கமா, வேறு ஏதாவதா? பொன்னுசாமிக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியப்போவதில்லை. தானும் அப்படித்தானே குடிக்கிறார் என்ற நினைப்பு அப்போதுதான் வருகிறது.

முடிவு இ. வாய் வைத்துக் குடிக்கிறார். டம்ளரைக் கீழே வைக்கிறார். இன்னொரு டம்ளர் கேட்கிறார்.

இவற்றோடு நான்காவதாக ஒன்றும் இருந்தது. அதை எழுதும்போது பொன்னுசாமிக்கு உள்ளம் குளிர்ந்தது. அதில் பச்சமுத்து வந்து உட்கார்ந்ததும் பொன்னுசாமி தன் கையால் இரண்டு இளநீர் வெட்டிக் கொடுக்கிறார். நெடுமாறனுக்கு மட்டும் டம்ளர். பச்சமுத்துவுக்குப் புரிகிறது. முகம் மாறுகிறது. வசனமே தேவையில்லை. பொன்னுசாமி அதை இரண்டு முறை படித்தார். அருமையாக இருந்தது.

மீனம்பாள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் பகுதியையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். தோளில் கை வைத்தாள். வெகு நாளாக அப்படி வைத்ததில்லை.

"அத்தினி வெயில்லயா தண்ணி குடிக்காம வந்தீங்க?"

"ம்."

"சொல்லியிருக்கலாமே."

பொன்னுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இளநி வெட்டறதுக்கு அருவாளத் தேடாதீங்க. அத எடுத்து வெச்சிட்டேன்," என்றாள். "டம்ளர் விளக்கி கவுத்துருக்கேன். நாலு பேரு வந்தாலும் நாலு டம்ளரு. எனக்குத் தெரிஞ்ச கத அவ்ளோதான்."

நான்காவது முடிவு நீக்கப்பட்டது. நன்றாக எழுதப்பட்டிருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

8

இதை அடிக்கும்போது ஞாயிறு காலை பத்து மணி பதினைந்து நிமிடம். செஞ்சியிலிருந்து வரும் பஸ் பத்தரைக்கு. நெடுமாறனிடம் வண்டி இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு முதுகுவலி என்பதால் பஸ்ஸில் வருவதாகக் கலைச்செல்வி சொன்னாள். அந்த வீட்டு முதுகுவலிவரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் ரஞ்சிதமும் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் இருப்பாள்.

பஸ் வந்து, அவர்கள் வந்து, டம்ளர் காலியானதா இல்லையா என்று பார்த்துவிட்டு எழுதுவதுதான் நில அளவரின் முறை. அளக்காமல் கையெழுத்துப் போட்டதே இல்லை. முடிவு 'இ' நடந்தால் மறுப்பை முழுசாகப் போடலாம். 'அ' நடந்தால் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாதுகாப்பான வழி. ஆனால் அப்படிச் செய்தால் இந்த வீட்டின் வார்த்தை என்ன என்பதைப் பச்சமுத்துவின் தொண்டை தீர்மானித்ததாகிவிடும். 1988இல் ஒருமுறை தீர்மானித்தது போதும்.

மேசைமேல் அந்த உறை இருக்கிறது. கழற்றப்பட்ட ராம் - 1. பக்கத்தில் மடிக்கணினி சத்தமில்லாமல் ஓடுகிறது. விசிறி சுத்தமாக இருப்பதால் சத்தம் வருவதில்லை என்று இப்போது தெரிகிறது. மூன்று தடவை யாரோ பொறுமையாக, ஒரு திருகாணிகூட இடம் மாறாமல், பிரித்துத் துடைத்துப் பூட்டி, ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். பன்னிரண்டு வருடமாக நம் வீட்டுப் பொருள் எப்படி உழைக்கிறது பார் என்று பொன்னுசாமி பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெருமையில் இன்னொருவருக்கும் பங்கு இருந்திருக்கிறது.

டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் சமையலறையில் கேட்கிறது. அதை யார் எப்படிக் குடித்தார் என்பதை வாசகர் தம் வீட்டு வழக்கப்படி முடித்துக்கொள்ளலாம். பொன்னுசாமிக்கு அந்த வேலை இல்லை. அவர் உட்கார்ந்தது ஒரு மறுப்பு எழுத. அது முடிந்துவிட்டது. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்பதற்கு முன்பே, பத்து இருபத்திரண்டுக்கு, எழுபத்திரண்டு பேருக்கும் போய்விட்டது. கீழே அதன் உண்மை நகல்:

ராம் என்று யாரும் இல்லை. அவர் பெயர் நெடுமாறன்.